சாப்பிடாமல் வந்தவர்கள்

வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க ஆசைப்படுகிற இளம் டாக்டர்கள் என்னைத் தேடிக் காரைக்குடி வரைக்கும் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். விசா எப்படி, குளிர் எப்படி, அங்கே சோறு கிடைக்குமா? விசா கிடைக்கும். குளிருக்குச் சட்டை இருக்கிறது. சோறு நாமே வடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மூன்றாலும் யாருடைய ஆராய்ச்சியும் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை. என்னுடையதைக் கவிழ்க்கப் பார்த்தது வெள்ளைப் பணியாரம். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள், அப்புறம் விசாவுக்கு வரலாம்.

நான் பள்ளத்தூரில் பிறந்து, மதுரையில் படித்து, இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற கையோடு ஸ்காட்லாந்துக்குப் பிஎச்.டி படிக்கக் கிளம்பிவிட்டேன். இந்த வயதில் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பருப்புப்பொடியைப் பெட்டியில் எந்த மூலையில் வைப்பது என்பதுதான் அவர் கவலை. சின்ன வயதில் எனக்கு ஆசை இருந்தது, நேரம் இல்லை. இப்போது இரண்டும் இருந்தன, போனேன். சந்தோஷமாகப் போனேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஜன்னல் சீட்டுக்காகப் பக்கத்து இருக்கைப் பையனிடம் கெஞ்சியவள் நான்.

நம் மருத்துவமனைகளில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி என்றால் ரஷ்யா, சீனா என்று படித்துவிட்டு வந்து இங்கே தகுதித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள். என்னிடம் பயிற்சிக்கு வந்த அப்படிப்பட்ட பிள்ளைகளை நானும் கொஞ்சம் ஓட்டியிருக்கிறேன். உங்களில் சிலர் அதை நினைத்து இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஸ்காட்லாந்தில் இறங்கியதும் அந்தப் பெயர் என் மேலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே நான்தான் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி. ஆராய்ச்சி செய்யலாம், ஆனால் ஒரு நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்க முடியாது. பாம்புக்கடியும் பிரசவமுமாக ஓடி ஓடிப் பார்த்த கை, அங்கே மேசை மேல் சும்மா கிடந்தது.

என் வழிகாட்டி என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கெட்டிக்காரி. முதல் நாளே என் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘மீனா’ என்று கூப்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அரசு மருத்துவமனையில் எல்லோரும் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டு என் பெயர் எனக்கே மறந்துபோயிருந்தது. பழகப் பழகத்தான் அதன் அருமை தெரிந்தது. டாக்டரம்மாவை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள், மீனாவைக் கேட்பார்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் முதல் நாளே மீனாவாகிவிடுவது நல்லது. எனக்கு அதற்கு ரொம்ப நாள் ஆயிற்று, அதனால்தான் இந்தக் கதையே வந்தது.

என் ஆராய்ச்சி நம் ஊர்ப்பக்கத்து ஆட்களின் சர்க்கரையைப் பற்றியது. பள்ளத்தூர், இளையாத்தங்குடி, அவற்றைச் சுற்றியுள்ள ஊர்கள் என்று முகாம் போட்டு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் உண்டு. அதற்கு முன்னால் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதையும், முகாமில் அவர்களிடம் கேட்க வேண்டியதையும் தமிழில் எழுதினேன். ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அந்தத் தமிழை அங்கே யாரோ திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அதைப் படித்த, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, வயிறு வெறுமையாக என்றால் பட்டினி கிடக்கச் சொல்வது போல இருக்கிறதே, மென்மையாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டது. நானும் சரியென்று ‘சாப்பிடாமல் வரவும்’ என்று மாற்றினேன். முகாமில் கேட்க வேண்டிய கேள்வியை ‘காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?’ என்று எழுதினேன். அதில் ஒரு பிழை கிடையாது. எந்தத் தமிழாசிரியரிடம் கொடுத்தாலும் முழு மதிப்பெண் போடுவார்.

முதல் சுற்று முகாமை இங்கே என் குழு நடத்தியது. நான் ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து முடிவுகள் வர வரப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவள் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். நம் ஊர்ப்பக்கத்தில் ஏராளமானவர்களுக்குக் காலைச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆனால் அவர்களுடைய மூன்று மாதச் சராசரி சுத்தமாக இருந்தது. சர்க்கரை நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. புத்தகத்தில் உள்ள எந்த வகையிலும் அடங்காத ஒன்று என் சொந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்தேன். அன்று மழையில் குடையைப் பிடிக்க மறந்து வீட்டுக்கு நடந்தேன்.

என் வழிகாட்டி உடனே ஒன்று கேட்டார். இவர்கள் உண்மையிலேயே சாப்பிடாமல்தான் வந்தார்களா? நியாயமான கேள்வி. யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் எனக்குள் இருந்த டாக்டரம்மா எழுந்துகொண்டாள். ஒவ்வொருவரையும் கேட்டு, ஒவ்வொருவரும் இல்லை என்று சொன்னதைப் பதிவு செய்திருக்கிறோம், என் ஊர்க்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். பிறகு அவரும் என்னோடு சேர்ந்து பறக்க ஆரம்பித்தார். பெரிய மாநாடு ஒன்றில் இதைப் பேச எனக்கு மேடை கிடைத்தது. அவர் சொந்தமாகத் தொடங்கிய குழுவுக்கு இதுதான் முதல் பெரிய கண்டுபிடிப்பு. என் பட்டம், அவர் பெயர், இரண்டும் அந்த மேடையில் இருந்தன.

மாநாட்டுக்கு முந்தின வாரம் இரண்டாவது சுற்றுக்காக ஊருக்கு வந்தேன். முதல் சுற்றில் சர்க்கரை ஏறியிருந்தவர்களை மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டு, அன்று மாலைக்குள், மேடையில் காட்டப்போகும் படங்களை மாநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முகாம். காலையிலேயே கூட்டம் நிறைந்துவிட்டது. கேள்வி கேட்டு ரத்தம் எடுப்பது ஒரு கோயம்புத்தூர்ப் பெண், செல்வி சிஸ்டர். முதல் சுற்றிலும் அவர்தான் செய்தார், சுத்தமான வேலைக்காரி. நான் சும்மா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரும்புக்கடை வைத்திருக்கும் சொக்கலிங்கம் அண்ணன் கடைசியாக வேர்க்க விறுவிறுக்க வந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். முதல் சுற்றில் அவருக்கும் காலைச் சர்க்கரை ஏறியிருந்தது. என்னண்ணே இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“பசியாறிட்டுக் கெளம்பக் கொஞ்சம் நேரமாயிருச்சு டாக்டரம்மா” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். இதை நன்றாகக் கவனியுங்கள். கேட்டேன், தலையை ஆட்டினேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். அண்ணன் கையை நீட்டினார். செல்வி சிஸ்டர் தாளைப் பார்த்து, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

“இல்லம்மா. சாப்பிடாமத்தான வரச் சொன்னீக” என்றார் அண்ணன், ரொம்ப ஒழுக்கமாக.

சிஸ்டர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு ஊசியை எடுத்தார். அப்போதுதான் அடுத்தடுத்து வந்த இரண்டு பதில்களும் என் மண்டைக்குள் மோதிக்கொண்டன. கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சிஸ்டரின் கையைப் பிடித்தேன்.

“அண்ணே, என்ன பசியாறுனீக?”

“நாலு வெள்ளப் பணியாரம். ஒரு காபி, சீனி போடாம. நீங்க சொன்னதுலருந்து நான் சீனியத் தொடுறதில்லைல.”

வேறு மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் இலை போட்டுச் சோறு, குழம்போடு. காலையில் இட்லியோ பணியாரமோ தின்பதற்குப் பெயர் பசியாறுவது. காலையில் வருகிறவர்களை ‘பசியாறியாச்சா’ என்றுதான் கேட்போம். நான்கு பணியாரமும் சட்னியும் தின்றவரிடம் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்டால், இல்லை என்பதுதான் நேர்மையான பதில். என் ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. நான் மேசையைத் தட்டிச் சொன்னது அட்சர சுத்தமாக உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கவிழ்த்தது.

செல்வி சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். முதல் சுற்றில் நிறையப் பேர், பசியாறினதோடு சரி என்று சொன்னார்களாம். “பசி தானா ஆறிப்போற வரைக்கும் அடக்கிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சேனுங்க மேடம். பாவமா இருந்துச்சுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எழுதியவள் நான்.

மாலைக்குள் படங்களை அனுப்ப வேண்டும். மண்டபத்தில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் மனம் என்ன செய்யும் என்று சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஒரே ஒரு ஆள்தானே, மற்றவர்கள் எல்லாம் வெறும் வயிற்றில் வந்திருப்பார்கள் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். அதை யோசிக்க விடாமல் எழுந்து நின்றேன். நான் எழுந்ததும் பேச்சு அடங்கிற்று. பசியாறிட்டு வந்தவுகெல்லாம் கையைத் தூக்குங்க என்று உரக்கக் கேட்டேன்.

மண்டபத்தில் பாதிக் கை மேலே போனது. யாரும் தயங்கவில்லை, ஒளிக்கவில்லை. குழப்பத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் தூக்கிய கையை இறக்காமலே என்னைக் கேட்டார்.

“ஏன் டாக்டரம்மா, அது தப்பா? வெறும் வயித்துல வாங்கன்னு சொல்லியிருந்தா, வெறும் வயித்துல வந்திருப்போம்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் முதலில் எழுதி, பிறகு நானே அடித்துவிட்ட வாக்கியத்தை அந்த அம்மாள் எனக்குத் திருப்பிக் கொடுக்கிறார். நான் சிரிப்பதைப் பார்த்து மண்டபமே சிரித்தது. என் பெரிய கண்டுபிடிப்பு அந்தச் சிரிப்பில் போய்விட்டது. போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் நடுவில் என்னவோ ஒரு பரபரப்பு எனக்குள் தொற்றிக்கொண்டது. எத்தனை படித்தவர்கள், எத்தனை சரிபார்ப்பு, எல்லாவற்றையும் தாண்டி ஒரு சொல் எப்படித் தப்பித்து வந்தது? இது இங்கே மட்டும்தான் நடந்திருக்குமா?

சொக்கலிங்கம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போ முதல் தடவை வந்த சர்க்கரையும் பணியாரத்தால் வந்ததுதானா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கலாம் அண்ணே, நாளைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள், பார்த்துவிடலாம் என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்.

“எம் மக கல்யாணம் போன மாசம் நடந்துச்சு டாக்டரம்மா. வந்தவுகளுக்கெல்லாம் நாந்தான் பாத்துப் பாத்து இனிப்பு வச்சேன். ஒரு வாய் நான் திங்கல.”

சிரிப்பு எனக்கு அங்கேயே நின்றுபோனது. தாளில் ஏறியிருந்த சர்க்கரை எல்லாம் எனக்கு அதுவரை கண்டுபிடிப்பாக இருந்தது. அது ஒவ்வொன்றும் ஒருவருடைய வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த இடத்தில் எதை முதலில் செய்வது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்குப் பேசுவதா, படங்களைத் திருத்துவதா? இரண்டையும் தள்ளி வைத்தேன். முதல் சுற்றில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று யார் யாருக்குச் சொன்னோமோ அத்தனை பேருக்கும் அப்போதே போன் போடச் சொன்னேன். நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு, பசியாறாமல் வெறும் வயிற்றில் மறுபடி வாருங்கள் என்று சொல்ல வைத்தேன். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டோம். ஆளை முதலில் பாருங்கள், ஆராய்ச்சி காத்திருக்கும். நோயாளியைத் தொட உரிமையில்லாத இடத்தில் உட்கார்ந்து படித்தாலும் நாம் டாக்டர்கள்தான்.

பிறகு என் வழிகாட்டிக்குப் பேசினேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. புது நோய் எதுவும் இல்லை, ஒரு சொல்தான் இருக்கிறது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில், மேடையை விட்டுக்கொடுத்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பேரின் மானமும் தப்பும்.

நான் முடியாது என்றேன். சண்டைக்கு இல்லை, உற்சாகத்தில் சொன்னேன். சோறு தின்கிற ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு சொல் இருக்கும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், நாம் மேடையில் ஏறி இந்தப் பணியாரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் கூப்பிடும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டம் அவர் ஒரு வார்த்தையில் இருந்தது. மத்தியானம் கூப்பிட்டார். படங்களை மாற்றிவிடு, ஆனால் அந்தக் கேள்வியைச் சரியென்று ஒப்புக்கொண்டது உன் வழிகாட்டிதான் என்பதை மேடையில் முதல் வரியாகச் சொல்ல வேண்டும் என்றார். அன்று முதல் அவர் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம்.

மறுநாள் சொக்கலிங்கம் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று தானாகவே சொன்னார். முடிவு வந்தது. சர்க்கரை இல்லை. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுக்கு ஒரு நடை போய் விருந்து தின்றுவிட்டு வாருங்கள் என்றேன். கூப்பிட்டவர்களில் ஒரு சிலருக்கு உண்மையிலேயே சர்க்கரை இருந்தது. அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினோம். மற்றவர்கள் எல்லாம் வெறும் பணியாரம்.

மாநாட்டு மேடையில் என் முதல் படத்தில் எண்களே இல்லை. ‘பசியாறு’ என்று தமிழில் பெரிதாகப் போட்டிருந்தேன். முன்வரிசைக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மண்டபத்தில் கை தூக்கிய இடத்துக்கு வந்தபோது அரங்கம் சிரித்தது. கல்யாண வீட்டை நான் சொன்னபோது யாரும் அசையவில்லை. பேசி முடித்ததும் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு டாக்டர் கிட்டத்தட்ட ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். எங்கள் ஊரிலும் சோறு தின்னாதவன் சாப்பிடாதவன்தான், ரொட்டி தின்றாலும் நூடுல்ஸ் தின்றாலும் கணக்கில் வராது, என் முடிவுகளை நான் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் ஒரு சொல்லோடு நின்றார்கள். அமர்வுத் தலைவர் மணியடித்துப் பார்த்தார், யாரும் உட்காரவில்லை. எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிட்டீர்களா என்ற கேள்வியை எந்த ஊரில் எப்படிக் கேட்பது என்பதே என் ஆராய்ச்சியாக மாறிப்போனது. என் பழைய தலைப்பை என் வழிகாட்டியே சந்தோஷமாகக் கிழித்துப் போட்டார்.

பட்டம் கிடைத்துவிட்டது, அது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் என்னை டபுள் டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் சொல்ல நினைப்பது வாய்மொழித் தேர்வுக்கு உள்ளே போவதற்கு முன்னால் நடந்ததை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் வழிகாட்டி நடைபாதையின் கோடியிலிருந்து கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவர் ஒரு போதும் மேடம் என்றோ டாக்டர் என்றோ என்னைக் கூப்பிட்டதில்லை. செல்வி சிஸ்டருக்குப் பயிற்சி கொடுக்க நாங்கள் பதிவு செய்து வைத்திருந்த பள்ளத்தூர்ப் பேச்சைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. என் முன்னால் வந்து நின்று, நாக்கை மடக்கத் தெரியாமல் மடக்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

“மீனா, பசியாறுனீகளா?”

இல்லை என்றேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டியில் பெரிய பாதியை என் கையில் வைத்தார். உள்ளே இருந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஒரு நிமிஷம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நின்றபடியே தின்று முடித்தேன். பசியாறிவிட்டுத்தான் உள்ளே போனேன்.